‘மதிலுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?’

போன வருசம் புரட்டாதியில், மாரி மழை தொடங்குவதற்கு முதல், எங்களில் ஒருவரின் பெரியம்மா வீட்டு வளவில் ஒரு வேம்பு வெட்டத் தொடங்கினார்கள். கீழே ஒருவர் கயிறு பிடிக்க, ஒருவர் மேலே ஏறினார். ஏறினவருக்கு அறுபது வயது கிட்ட. இடுப்பில் கத்தி, தலையில் துவாய், காலில் ஒன்றுமில்லை. மூன்றாவது கொப்பு முறிந்து இறங்கும்போது அவர் நின்ற கொப்பும் சேர்ந்து ஆடியது. விழுந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “மதிலுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?”

மதிலுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு இடுப்பெலும்பு உடைந்தது. நாலு மாதம் படுக்கையில் கிடந்தார். பெரியம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆசுபத்திரிக்குப் போய்ப் பார்த்தா. ஒரு நெஸ்டமோல்ட் பெட்டியும் ஒரு என்வலப்புக்குள் கொஞ்சக் காசும் குடுத்துவிட்டு வந்தா. வீட்டுக்கு வந்து அழுதா.

ஆனால் இந்தக் கதையில் சொல்லவேண்டிய இன்னொரு விசயம் இருக்கு. அவர் கேட்ட கூலி பத்தாயிரம். பேசி முடித்தது ஆறாயிரத்துக்கு. கேற்றடியில் நின்று அந்த நாலாயிரத்தைக் குறைத்தது எங்களில் ஒருவர்தான். அன்றைக்கு அது கெட்டித்தனமாகத் தெரிந்தது. அந்த நாலாயிரத்தில் என்ன வந்திருக்கும் என்று பிறகுதான் யோசித்தோம். கயிறு பிடிக்க இன்னொரு ஆள் வந்திருப்பார். இல்லாவிட்டால் அவரையே கட்டுவதற்கு இரண்டாவது கயிறு ஒன்று வந்திருக்கும்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: எங்கட ஊரில் மரம் வெட்டுவதற்கு ஆரும் கணக்குப் போடுவதில்லை, பேரம் மட்டும் பேசுகிறோம். கணக்கில் எழுதாமல் விட்ட செலவு இல்லாமல் போவதில்லை. அது மரத்தில் ஏறுகிறவரின் உடம்பில் போய் எழுதப்படுகிறது.

வீடு கட்டின ஆரின்ரையாவது கணக்குக் கொப்பியைத் திறந்து பாருங்கள். சீமெந்து, கம்பி, ஓடு, மாபிள், பெயின்ற், குடிபூரலுக்கு ஐயருக்கு, வீடியோக்காரருக்கு, கேக்குக்கு. எல்லாம் இருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில், கூரையைவிட உயரமாக, நாற்பது வருசமாக நிற்கிற மரத்துக்கு ஒரு வரிகூட இருக்காது. மதிலுக்கு ஒரு லட்சமல்ல, பல லட்சம் போடுகிற வீட்டில் மரம் வெட்ட வந்தவரிடம், “என்ன தம்பி, கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோவன்” என்று ஐந்நூறு ரூபாவுக்கு இழுபடுவோம். ‘தம்பி’ என்று சொன்னால் நல்ல வீடு. பல வீடுகளில் அதுவும் இல்லை. அறுபது வயது மனிசனை, அவருடைய பேரப்பிள்ளை வயதில் இருக்கிற பெடியன், “டேய், அந்தக் கொப்பையும் இறக்கு” என்று சொல்லுவான். வீட்டில் ஒருவரும் அவனைக் கண்டிக்க மாட்டார்கள்.

ஏன் என்று எங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் மரம் ஏறுவது வெறும் தொழில் இல்லை. ஆர் ஏறவேணும், ஆர் கீழே நின்று பார்க்கவேணும் என்பதைச் சாதி முடிவு செய்து வைத்த ஊர் இது. அந்த ஒழுங்கு குலைந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறோம். மரம் வெட்டுகிற நாளில் வந்து பாருங்கள். தேத்தண்ணி எந்தக் கோப்பையில் போகுது, அவர் எங்கே இருந்து குடிக்கிறார், காசு கையில் குடுபடுதா, திண்ணையில் வைபடுதா என்று கவனியுங்கள். “அவங்களுக்கு அது பழக்கம்” என்ற வசனம் அந்த ஒழுங்கில் இருந்துதான் வருகிறது. பழக்கம் என்று சொல்லிவிட்டால் பாதுகாப்புக்குக் காசு குடுக்கத் தேவையில்லை. மேசன் வேலைக்குச் சாரத்தடி கட்டக் காசு குடுக்கிறோம். மரம் ஏறுகிறவருக்கு அவருடைய பிறப்பே சாரத்தடி என்று நினைக்கிறோம்.

பழக்கத்துக்குப் புவியீர்ப்பு தெரியாது. முப்பது அடியில் இருந்து விழுகிற ஆள் நிலத்துக்கு வர ஒன்றரை விநாடிகூட எடுக்காது. நிலத்தைத் தொடும்போது வேகம் மணிக்கு 48 கிலோமீற்றர் அளவில் இருக்கும். நாற்பது சென்ரிமீற்றர் விட்டமுள்ள பச்சைத் தடி, ஒரு மீற்றர் நீளத்துக்கே நூறு கிலோவுக்கு மேலே வரும். அந்தப் பாரத்தை மேலே நின்று வெட்டி, கயிற்றில் கட்டி, ஓட்டுக்கும் மதிலுக்கும் கரண்ட் வயருக்கும் நடுவாலே இறக்கவேணும். உடம்பு மட்டும் செய்கிற வேலை இல்லை இது. எந்தப் பக்கம் முதல் வெட்டுவது, எங்கே கயிறு போடுவது, கொப்பு எப்படிச் சுழலும் என்று பார்க்கத் தெரிந்திருக்க வேணும். இதற்குப் பேர் தொழில்நுட்பம். நாங்கள் அதைக் ‘கூலி வேலை’ என்கிறோம்.

வெளிநாட்டுச் சொந்தங்களிடமும் ஒரு வார்த்தை. இப்ப ஊரில் மரம் வெட்டுகிற செலவில் நல்லதொரு பங்கு கனடாவில், லண்டனில், சுவிஸில் இருந்து வருகிறது. பூட்டிக் கிடக்கிற வீட்டு வளவைத் துப்புரவாக்கச் சொல்லிக் காசு போடுவார்கள். ரொறன்ரோ நகரத்தில் உங்கட சொந்தக் காணியில் நிற்கிற மரத்தையே, நிலத்தில் இருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளந்து விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், நகரசபையின் அனுமதி இல்லாமல் வெட்ட ஏலாது. அங்கே மர நிபுணரின் அறிக்கை கேட்பார்கள், குடுப்பீர்கள். வெட்ட வருகிற கொம்பனிக்குக் காப்புறுதி இருக்கோ என்று நீங்களே கேட்பீர்கள். கேட்காவிட்டால் நாளைக்கு உங்கள்மேல் வழக்கு வரும் என்ற பயம். அதே ஆள், அதே பின்னேரம், வட்ஸ்அப்பில் ஊருக்கு எடுத்து, “என்ன, ஒரு மாமரத்துக்குப் பதினையாயிரமோ? கொள்ளையடிக்கிறாங்கள்” என்று சொல்வது என்ன கணக்கு? ஸ்காபரோவில் விழுந்தால் எலும்பு உடையும், சாவகச்சேரியில் விழுந்தால் உடையாதோ?

சரி, கணக்கை எப்படிப் போடுவது? எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு விலை இல்லை. மரத்துக்கு மரம், வளவுக்கு வளவு மாறும். ஆனால் என்னென்ன வரி இருக்கவேணும் என்று எழுதலாம்.

முதல் வரி, வெட்டத்தான் வேணுமோ என்று பார்க்கிற செலவு. மரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, அவருடைய அரை நாளுக்குக் காசு குடுத்துப் பாருங்கள். அடிமரத்தில் காளான் பிடிச்சிருக்கோ, தட்டினால் கோறைச் சத்தம் கேட்குதோ, கவட்டில் வெடிப்பு இருக்கோ, வேர்ப்பக்கம் மண் கிளம்பி மரம் புதிதாகச் சாஞ்சிருக்கோ. இதில் ஒன்றும் இல்லாவிட்டால் பட்ட கொப்பையும் கூரைக்கு மேலே வந்த கொப்பையும் எடுத்தால் போதும். மரமும் மிஞ்சும், காசும் மிஞ்சும். இதைச் செய்யாமல் நாங்கள் செய்கிற இன்னொரு வேலை, மேலால் மொட்டையடித்து விடுவது. மொட்டையடித்த மரம் விறுவிறு என்று துளிர்க்கும். ஆனால் அந்தப் புதுக் கொப்புகள் பழைய கொப்பு மாதிரி மரத்தின் உள்ளுக்குள் இருந்து பிடித்து வருவதில்லை. அடுத்த காத்துக்கு முதலில் முறிவது அவைதான். காசு குடுத்து ஆபத்தை வளர்க்கிறோம்.

இரண்டாவது, அனுமதி. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் நினைத்தபாட்டுக்கு வெட்ட விடாது. உங்கட காணி, உங்கட மரம் என்றாலும் கிராம சேவையாளரைப் பிடித்து, பிரதேச செயலகத்துக்குப் போய் அலையவேணும். மற்ற மரங்களுக்கும் முதலில் கேட்டுவிட்டு வெட்டுங்கள். தடியை ஏற்றிக்கொண்டு போவதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம். அதை எடுக்காமல், “நீயே மரத்தைக் கொண்டுபோ” என்று வெட்டினவரின் தலையில் கட்டிவிட்டால், றோட்டில் பொலிஸ் மறிப்பது உங்களை இல்லை, அவரை. பஸ் காசு, ஒரு நாள் லீவு, இரண்டு மூன்று கிழமை பொறுமை, எல்லாம் செலவுதான். எழுதுங்கள்.

மூன்றாவது, கரண்ட். கொப்பு வயருக்குக் கிட்ட என்றால் மின்சாரம் வழங்குகிறவர்களுக்கு முற்கூட்டியே அறிவித்து, லைனை நிற்பாட்டிவிட்டுத்தான் கத்தி வைக்கவேணும். “பாத்து வெட்டுவினம்” என்பது ஏற்பாடு இல்லை. பச்சைக் கொப்பு கரண்டைக் கடத்தும்.

நாலாவதுதான் கூலி. குறைந்தது மூன்று பேர்: ஏற ஒருவர், கயிறு பிடிக்க ஒருவர், கீழே ஆக்களையும் பிள்ளைகளையும் நாயையும் விலத்தி வைக்க ஒருவர். திறந்த வளவில் மரத்தை அப்படியே சாய்ப்பது ஒரு விலை. வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் துண்டு துண்டாகக் கட்டி இறக்குவது வேறு விலை. நேரம் மூன்று நாலு மடங்கு போகும். இந்த வித்தியாசம் விளங்காமல், “அங்கால வீட்டில இதைவிடப் பெரிய மரத்தைக் குறைஞ்ச காசுக்கு வெட்டினவங்கள்” என்று சொல்லாதீர்கள்.

அஞ்சாவது, சாமான். இடுப்பும் தொடையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட், இரண்டு நல்ல கயிறு, தலைக்கவசம், கண்ணாடி. மெசின் வாள் என்றால் அதற்கென்று வருகிற தடித்த காற்சட்டை. சங்கிலி பட்டால் அதன் நார் வாளைச் சிக்கவைத்து நிற்பாட்டும். மேலே நின்று வாள் பிடிக்கிறவர் இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருக்க வேணும், ஏனென்றால் ஒரு கயிற்றை வாளே வெட்டிவிடலாம். இந்தச் சாமானெல்லாம் அவரிடம் இல்லை என்று குறை சொல்லுகிறோம். ஆறாயிரம் கூலியில், அதையும் இரண்டு பேர் பிரித்து எடுத்துக்கொண்டு போனால், எந்தக் காலத்தில் அவர் பெல்ட் வாங்குவது?

ஆறாவது, துப்புரவு. கொப்பு ஏற்ற லான்ட்மாஸ்டர், குத்தியைக் கிளப்புவதா விடுவதா என்ற முடிவு, கிளப்பினால் அதற்கான ஆள் கூலி. விறகையே கூலியாகக் கழிக்கிற பழக்கமும் இங்கேதான் வருகிறது. விறகு அவருக்குத் தேவை என்றால் குடுங்கள், நல்லது. ஆனால் “விறகும் தாறம்தானே” என்று சொல்லிக் கூலியை வெட்டாதீர்கள். விறகில் தாலி அறுந்தவளுக்குச் சோறு பொங்கலாம், ஆசுபத்திரிச் செலவு கட்ட ஏலாது.

ஏழாவது, விபத்து நடந்தால் என்ன செய்வது என்று ஒதுக்கி வைக்கிற காசு. 1934ஆம் ஆண்டில் இருந்து இந்த நாட்டில் வேலையாட்களுக்கான நட்டஈட்டுச் சட்டம் இருக்கு. பற்றுச்சீட்டும் இல்லாமல், பதிவும் இல்லாமல், ஒரு நாள் கூலிக்கு உங்கட வளவுக்குள் வந்து விழுந்தவரின் மனிசி அதைக் காட்டி ஆரிடம் போய் நிற்பது? 2019இல் மெசின் வாள்களைப் பொலிஸில் பதியச் சொன்னார்கள். காட்டைக் காப்பாற்ற வேணும் என்பதற்காக, நல்லது. வாளைப் பதிந்தார்கள். வாளைப் பிடிக்கிற கையைப் பதிய ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

கடைசி வரி சின்னது: போன மரத்துக்குப் பதிலாக ஒரு கன்று. வீட்டில் இருந்து தள்ளி, வயருக்குக் கீழே இல்லாமல், கிணற்றுக் கட்டுக்கு எட்டத்தில்.

இதை வாசித்துவிட்டு இரண்டு மூன்று பேர் உடனே கேட்பார்கள். “பெல்ட் போடச் சொன்னால் அவையே போடமாட்டினம்.” சில பேர் போடமாட்டார்கள், உண்மை. பழக்கமில்லாத பெல்ட் வேலையைச் சுணக்கும். முழு வேலைக்கு இவ்வளவு என்று பேசின பிறகு சுணக்கம் அவருடைய நட்டம். நாள் கணக்கில் குடுத்துப் பாருங்கள், அவசரம் குறையும். அதற்குப் பிறகும் மாட்டேன் என்றால், அன்றைக்கு மரம் ஏற விடாமல் இருக்கிற பொறுப்பு வளவுக்காரருடையது.

“காசில்லாத சனம் என்ன செய்யும்?” இது நியாயமான கேள்வி. ஓலைக் கொட்டிலுக்கு மேலே சாய்ந்து நிற்கிற புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு, புருசன் இல்லாமல் பிள்ளைகளோடு படுக்கிற பெண்கள் வன்னியில் எத்தனையோ பேர். முப்பது வருசம் கழித்து வலிகாமம் வடக்குக்குத் திரும்பினவர்களின் இடிந்த வீட்டுச் சுவரைப் பிளந்து ஆலும் அரசும் வளர்ந்து நின்றன. அவர்களிடம் இந்தப் பட்டியலை நீட்ட எங்களுக்கு உரிமை இல்லை. நீட்டவேண்டியது பிரதேச சபைகளிடம். 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலுக்கு வீடு வீடாக வந்து கும்பிட்டவர்கள் இப்ப சபையில் இருக்கிறார்கள். ஆபத்தான மரத்துக்கென்று வருசா வருசம் பாதீட்டில் ஒரு தொகை ஒதுக்கி, வசதியில்லாத வீட்டுக்குச் சபையே ஆள் வைத்து வெட்டிக் குடுக்கவேணும். கேட்டால் நிதி இல்லை என்பார்கள். நிழற்குடையில் தங்கட பேரை எழுதுவதற்கு நிதி இருக்குதுதானே.

மூன்றாவது ஆட்கள் எங்கட கூட்டாளிகள்தான், மரம் நடுகிற பெடியள். கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கொண்டாடுகிறோம். யூன் 5 வந்தால் கன்றோடு படம் போடுகிறோம். “மரம் வெட்டுறதைப் பற்றி நீங்களே எழுதலாமோ?” என்று கேட்பார்கள். நட்டவருக்குப் பராமரிக்கிற செலவு தெரியாவிட்டால் அந்த மரம் ஒரு நாள் பயமாகத்தான் மாறும். 2008இல் நிஷா, 2020இல் புரேவி, 2025 கார்த்திகையில் டித்வா. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் நல்ல மரம், கெட்ட மரம் என்று பாராமல் சனம் வெட்டித் தள்ளுகிறது. அந்த நேரத்தில் ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் ஈரக் கொப்பில் அவசரமாக ஏறுவார். வருசா வருசம் ஆடி, ஆவணியில் கொஞ்சக் காசு செலவழித்துக் கொப்புக் கழித்துவந்தால் இந்தப் பயமும் வராது, இவ்வளவு மரமும் போகாது. மாதம் ஒரு சின்னத் தொகை சீட்டுக் கட்டுவதுபோல எடுத்து வைத்தால் போதும்.

இன்னும் ஒன்று. பனையில் ஏறிச் சீவுகிற தொழிலாளர்கள் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து பல பத்து வருசங்கள் ஆகின்றன. அவர்களுடைய உழைப்புக்கு ஒரு பேரும், பதிவும், கூடிக் கதைக்க ஓர் இடமும் அப்படித்தான் வந்தன. மரம் வெட்டுகிறவர்கள் மட்டும் ஏன் ஒவ்வொரு கேற்றடியிலும் தனியாக நின்று பேரம் பேசவேணும்? பிரதேசத்துக்கு ஒரு சங்கம், எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு விலைப் பட்டியல், சங்கத்தின் பெல்ட்டும் கயிறும், ஒரு கூட்டுக் காப்புறுதி. தொழிற்பயிற்சி நிலையங்களில் தையலும் கொம்பியூட்டரும் படிப்பிக்கிற மாதிரி இதையும் ஒரு பாடநெறியாக வைத்து, சான்றிதழ் குடுக்கலாம். எந்தச் சாதிப் பிள்ளையும் வந்து படிக்கட்டும். அப்படிப் படிக்க வருகிற நாளில்தான் இது தொழிலாகும்.

பெரியம்மாவின் வேம்புக்கு என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறோம். அரைகுறையாக நின்ற அந்த மரத்தின் ஒரு கொப்பு டித்வாக் காத்தில் முறிந்து குசினிக்கு மேலே விழுந்தது. ஆறு சீற் மாற்றவேண்டி வந்தது. மிச்சம் பிடித்த நாலாயிரம் அங்கேயே போய்விட்டது. மாசியில் திரும்பவும் ஆள் பிடித்தோம். இந்த முறை மேலே இருக்கிற பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கதைத்தோம். மூன்று பேர், ஒன்றரை நாள், லைன் நிற்பாட்டி, கட்டிக் கட்டி இறக்கினார்கள். பெல்ட்டும் தலைக்கவசமும் நாங்கள் சேர்ந்து வாங்கி அவர்களிடமே குடுத்துவிட்டோம். முதல் பேசின கூலியைப்போல நாலு மடங்குக்குக் கிட்ட முடிந்தது. பெரியம்மா இரண்டு நாள் முணுமுணுத்தா. விழுந்தவருக்கும் அந்த வேலையின் கணக்கில் ஒரு பங்கு அனுப்பினோம். அது நட்டஈடு இல்லை, அதற்கு அது காணாது. அவர் இப்ப ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். இனி ஏறமாட்டார்.

வேலை முடிந்த பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர் திரும்பவும் மதிலடிக்கு வந்தார். எவ்வளவு குடுத்தனீங்கள் என்று கேட்டார். சொன்னோம்.

“நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்,” என்றார்.

“இல்லை அண்ணை,” என்றோம். “போனமுறைதான் ஏமாத்தினது. நாங்கள் அந்தாளை.”